மூடித் திற

போன மாதம் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்த தம்பி முதல் வேலையாக ஆய்வுகூடத்து 30 கணினிகளிலும், சேர்வர் கோப்புகளின் பிரதியை உள்ளூர் டிஸ்கில் வைத்திருக்கும் கேஷ்ஃபைல்ஸ்டியை நிறுத்திவிட்டார். "டிஸ்க் இப்ப மலிவுதானே சேர், எல்லாத்தையும் ஒவ்வொரு மெஷினிலும் கொப்பி பண்ணிவிடுவம்" என்றார். நான் அன்று பேசாமல் வந்துவிட்டேன்.

கேஷ்ஃபைல்ஸ்டி துணைநிற்கும் எஃப்எஸ்-கேஷ் சேர்ந்த லினக்ஸ் 2.6.30 வெளிவந்தது 2009 யூனில். அந்த யூனில் நாங்கள் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். கிளிநொச்சியில் ஒரு சேர்வரும் பழைய சுவிட்சுமாக நான் அதைத் தொட்டது 4 வருடம் கழித்து. காலையில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாடக்கோப்பைத் திறந்தால் வலையமைப்பு திணறும். முதல் வாசிப்பிலேயே உள்ளூர் டிஸ்கில் பிரதி தங்கிவிட்டால் பிறகு சிக்கலில்லை. மவுண்ட் வரியில் எஃப்எஸ்சி என்று போடாவிட்டால் கேஷ்ஃபைல்ஸ்டி ஓடும், ஒன்றும் தங்காது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எங்கள் அமைப்பில், டிஸ்கின் காலி இடம் 7 வீதத்துக்குக் குறைந்தால் நெடுநாள் தொடாத பிரதிகளைத் தள்ளும், 10 வீதம் வந்ததும் நிறுத்தும். 3 வீதத்துக்குக் கீழே புதிதாக எதையும் ஏற்காது. இரணைமடுக் குளத்தின் வான் கதவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என்னை அலைத்தது வேறொன்று. புள்ளிப் பட்டியலைத் திரையில் காட்டும் நிரலில், சேர்வரில் செய்த திருத்தம் சில வேளை ஒரு நிமிடம் பிந்தித் தெரிந்தது. டிஸ்க் பிரதிதான் பழசு என்று மூன்று தரம் முழுவதையும் அழித்தேன். மாற்றமில்லை. எனக்குத் தொழில் பழக்கிய ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பின்னேரம் முழுக்க டிசிபிடம்ப் என்ற கருவியில் வலையமைப்பில் போகும் பக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பி, பிரதியைக் குறை சொல்லாதை. உன்ரை மெஷின் சேர்வரிட்டைக் கேக்கவேயில்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. டிஸ்கில் உள்ள பிரதி, கோப்பின் அளவோடும் மாறிய நேரத்தோடும் ஒத்துப்பார்க்கப்பட்ட பிறகே பயன்படும். அந்த அளவையும் நேரத்தையும், சேர்வரின் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் தன் நினைவகத்தில் 3 செக்கனிலிருந்து 60 செக்கன் வரை வைத்திருக்கும், அதுவரை சேர்வரைக் கேட்காது. கோப்பைப் புதிதாகத் திறக்கும்போது மட்டும் கட்டாயம் கேட்கும். எங்கள் நிரலோ காலையில் திறந்த கோப்பை மூடுவதேயில்லை. ஒவ்வொரு தரமும் மூடித் திறக்கும்படி இரண்டு வரி மாற்றினோம், தீர்ந்தது.

இப்போது வருபவர்களுக்குப் பக்கெட் பார்க்கப் பொறுமையில்லை. கொப்பி பண்ணிய கோப்பு எவரையும் கேட்காது, எவருக்கும் பதில் சொல்லாது. போன கிழமை ஆய்வுகூடத்துக்குப் போனபோது ஒரு பிள்ளை பயிற்சித்தாள் முழுவதையும் செய்து முடித்திருந்தாள். அவளுடைய மெஷினில் இருந்தது திருத்தத்துக்கு முந்திய தாள்.

தம்பி, எஃப்எஸ்சியைத் திரும்பப் போடுங்கோ.