மூடுபனியும் அரைமணி நேரமும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஓசூருக்குத் தனி அழகு வந்துவிடும். கூடவே அச்சமும் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றின் ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாகி, விடியற்காலையில் வெண்திரையாய் நிற்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரம் 1 கிலோமீட்டருக்கும் குறைந்தால் அதுவே மூடுபனி என்று வானிலை நூல்கள் கூறும். சில நாட்களில் எங்களுக்கு முன்னால் போகும் லாரியே தெரிவதில்லை!

பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலை உறங்குவதே இல்லை. சிப்காட் தொழிற்சாலைகளின் முதல் ஷிப்டுக்குப் பஸ்கள் புறப்படுவதும் அந்த இருள் பிரியாத வேளையில்தான். எங்களில் பலருடைய அப்பாவும் அக்காவும் அவற்றில்தான் போகிறார்கள்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை லாரி ஓட்டுநர். ஒரு ஞாயிறன்று அவரைச் சூழ்ந்துகொண்டு, பனியில் எப்படி ஓட்டுவது என்று கேட்டோம்.

"பிரைட் லைட் போட்டா வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பும்மா. டிம்லதான் ரோடு தெரியும். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே போகணும். முந்தவே கூடாது. நிறுத்தணும்னா ரோட்டை விட்டு முழுசா இறங்கி நிறுத்தணும்" என்றார்.

நாங்கள் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே பாதி தூரம் கடந்துவிடும். மீதியில் பாரவண்டி எப்படி நிற்கும்?

"எல்லாம் தெரிந்தும் சிலர் ஏன் மாமா வேகமாகப் போகிறார்கள்?" என்றோம்.

"லேட்டானா பதில் சொல்லணுமே, அம்மா" என்றார்.

அந்த ஒரு சொல் எங்களைச் சிந்திக்க வைத்தது. பனி கண்ணை மறைக்கிறது. அவசரம் அறிவை மறைக்கிறது. அந்த அவசரத்தை ஓட்டுநருக்குக் கொடுப்பவர்களோ, காத்திருக்கும் நாம் எல்லாரும்தான். ஆகவே பனிக்காலத்தில் அரைமணி முன்னதாகவே வீட்டை விட்டுப் புறப்படுகிறோம். வண்டி ஓட்டி வருபவர்களிடம் "எங்கே வருகிறீர்கள்?" என்று போனில் கேட்பதில்லை.

தோழியரே, பதறாத காரியம் சிதறாது. வெயில் ஏறி நிலம் சூடானால் பனி தானாகவே விலகிவிடும். அதுவரை தாமதமாக வருகிறவர்களைக் கடிந்துகொள்ளாமல், நலமாய் வந்து சேர்ந்தார்களே என்று மகிழ்வோம்.