நடுவரின் கையில் இருப்பது

கால்பந்தாட்ட நடுவரின் கையில் இருப்பவை ஒரு விசிலும் இரண்டு அட்டைகளும்தாம். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களையும் ஆரவாரிக்கும் பெருங்கூட்டத்தையும் அவர் ஆள்வது இந்த எளிய கருவிகளால் அன்று. அவருடைய தீர்ப்புக்குப் பணிவோம் என்று எல்லோரும் முன்னரே அளித்துவிட்ட ஒப்புதலால். அந்த ஒப்புதல் முறியும்போது அவரைப்போல் தனிமைப்பட்டவர் திடலில் வேறு எவரும் இலர்.

2023 டிசம்பர் 11 அன்று துருக்கியின் தலைநகர் அங்காராவில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன். இறுதி நேரத்தில் விழுந்த கோலால் லீக் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. உள்ளூர் அணியின் தலைவர் ஃபாரூக் கோஜா திடலுக்குள் புகுந்து, நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை வேறு சிலர் உதைத்தனர். நாடெங்கும் லீக் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. கோஜாவுக்குக் கால்பந்தில் நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது; 2024-இல் நீதிமன்றம் மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை அளித்தது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், 'சட்டத்தைக் கடுமையாக்குங்கள்' என்ற குரல் எழுகிறது. ஆனால் துருக்கியில் சட்டத்திற்குக் குறைவில்லை. விளையாட்டு வன்முறையைத் தடுப்பதற்கென்றே 2011-இல் இயற்றப்பட்ட சட்டம் அங்கு உண்டு. நடுவரைத் தாக்குவது அரசு ஊழியரைத் தாக்குவதற்கு ஒப்பான குற்றம். அதை அறியாதவரா ஓர் அணியின் தலைவர்? ஓங்கிய கைக்குச் சட்டப்புத்தகம் நினைவில் வருவதில்லை.

நெதர்லாந்தின் அல்மேரே நகரில் 2012 டிசம்பரில் நடந்தது இன்னும் கொடியது. தன் மகன் ஆடிய ஆட்டத்தில் ஊதியமின்றிக் கோட்டு நடுவராக நின்ற 41 வயதுத் தந்தை ஒருவர், எதிரணியினரால் அடித்து உதைக்கப்பட்டு மறுநாள் இறந்தார். தண்டனை பெற்றவர்கள் பதின்வயதுச் சிறுவர் அறுவரும், அவர்களுள் ஒருவனின் தந்தையும். தந்தைக்கு ஆறாண்டுச் சிறை. சட்டம் தன் கடமையைச் செய்தது, செய்யத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பிறர் பிள்ளைகளுக்காக ஈந்தவரின் உயிருக்கு நீதி கேட்பது பழிவாங்குதல் ஆகாது. ஆயினும் அச்சிறுவர்கள் இந்த வெறியை எங்கே கற்றார்கள் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

எங்கள் ஊர்க் கைப்பந்தாட்டங்களில் நான் கோடு பார்க்க நின்றதுண்டு. பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லியாக வேண்டும். எதைச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்கு மனத்தாங்கல். அங்கே நான் கண்டது இது: ஆடும் பிள்ளைகள் முணுமுணுத்துவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராகிவிடுவார்கள். ஆறாதவர்கள் வெளியே நிற்கும் பெரியவர்களே. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு திரும்பும் சிறுவன் முதலில் பார்ப்பது தன் தந்தையின் முகத்தை. அங்கே வசைமொழி கொதித்தால், தான் பணிந்தது கோழைத்தனம் என்றே அவன் எண்ணிக்கொள்வான்.

2024 ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், தீர்ப்பைப் பற்றி நடுவரை அணுகி விளக்கம் கேட்க அணித்தலைவருக்கு மட்டுமே இசைவு என்ற நடைமுறை கொண்டுவரப்பட்டது. அடிபட்ட அதே மெலர் அங்கே நடுவராக நின்றார். சிறையைக் காட்டி அச்சுறுத்தாமல் நாவை அடக்கப் பழக்கும் ஏற்பாடு அது. சட்டம் குத்து விழுந்த பின் வருவது. பழக்கமோ கை ஓங்குமுன் வருவது. இரண்டும் வேண்டும். முன்னதை அரசு பார்த்துக்கொள்ளட்டும். பின்னது நம் பொறுப்பு. நம் பிள்ளையின் அணிக்கு எதிராக விசில் ஒலிக்கும் வேளையில், அவன் நம் முகத்தைப் பார்க்கிறான் என்பதை மறவாதிருப்போம்.