ஊர்ப் பயணமும் தீவுப் பயணமும்

புனே மாநகரில் வாழும் நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊர் என்றே பொருள். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் வேலை பார்க்கும் தகப்பன்மார் ஆண்டு முழுவதும் சேர்த்து வைக்கும் விடுப்பை மே மாதத்தில் மொத்தமாக எடுப்பார்கள். கன்னியாகுமரி ரயிலிலோ நாகர்கோவில் ரயிலிலோ இரண்டு இரவுகள் கழித்தால் ஆத்தாவின் வீட்டுத் திண்ணை வந்துவிடும். நம்மில் பலருக்கு இதற்கு மேல் ஒரு பிரயாணம் இருந்ததில்லை. தேவை என்று தோன்றியதும் இல்லை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பள்ளித் தோழர்கள் கோவாவையும் மாலத்தீவையும் பற்றிப் பேசுவதைக் கேட்டு வந்து, "நாம் ஒரு தீவுக்குப் போக முடியாதா?" என்று கேட்கிறார்கள். முடியும். கடவுச்சீட்டு இல்லாமல், விசா இல்லாமல், அங்கே இறங்கியதும் தமிழ் கேட்கக்கூடிய தீவு நமக்கு உண்டு. அது அந்தமான்.

இந்தப் பிரயாணத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் பணப்பையைத் திறப்பது வழக்கம். நான் முதலில் நாட்காட்டியைத் திறக்கச் சொல்லுவேன். அந்தமானில் கடலே எஜமான். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தக் கடலில்தான். கேரளத்துக்கு ஜூன் முதல் தேதியை ஒட்டி வரும் மழை, அந்தமான் தென்கடலுக்கு மே 20ஆம் தேதியை ஒட்டியே வந்துவிடும். 2025ஆம் ஆண்டில் மே 13ஆம் தேதியே வந்துவிட்டது. மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் கோடை விடுமுறையோ மே தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் நடுப்பகுதி வரை போகிறது. ஆகவே நமக்கு வாய்ப்பது மே மாதத்தின் முதல் பத்து நாட்கள் மட்டுமே. தீபாவளி விடுமுறையில் போகலாமே என்றால், அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள். டிசம்பர் பிற்பகுதி நல்ல பருவம்தான். ஆனால் கட்டணம் உச்சத்தில் நிற்கும். மேலும் நம் வீடுகளில் டிசம்பர் கடைசி வாரம் யாருக்கும் ஓய்வில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபையாருக்கும் ஆண்டிறுதி உபவாசக் கூடுகையும் 31ஆம் தேதி இரவு ஆராதனையும் இருக்கின்றன. கடல் அமைதியாகவும் கட்டணம் மிதமாகவும் இருப்பது ஜனவரிப் பிற்பகுதி முதல் மார்ச் வரை. அப்போது பள்ளியில் நான்கைந்து நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இல்லாத வீட்டார் அதைக் கேட்பதில் பிழையில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து வரும் கேள்வி மத்திய அரசு ஊழியர்களுக்கு உரியது. நம் வாசகர்களில் அவர்கள் அநேகர். எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணச் சலுகையில், சொந்த ஊருக்குச் செல்லும் ஒரு முறையை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக அந்தமானுக்குச் செல்லச் சிறப்பு அனுமதி பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. விமானத்தில் செல்லத் தகுதியில்லாத நிலையில் உள்ள ஊழியரும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து போர்ட் பிளேருக்குச் சாதாரண வகுப்பில் பறக்கலாம். இந்த அனுமதி இரண்டிரண்டு ஆண்டுகளாகவே நீட்டிக்கப்படுகிறது. ஆகவே புறப்படும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயணச்சீட்டை அரசு ஒப்புக்கொண்ட முகவர் மூலமாகவே எடுக்க வேண்டும். விடுதி, உணவு, உள்ளூர் வண்டி எல்லாம் கைக்காசுதான். வெடிமருந்துத் தொழிற்சாலைகள் 2021இல் கம்பெனிகளாக மாற்றப்பட்ட பிறகு, அங்குள்ள சகோதரர்கள் தங்கள் நிர்வாகத்திடம் ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

விட்டுக்கொடுப்பது என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். காகிதத்தில் அது ஒரு கட்டத்தில் போடும் அடையாளம். வீட்டில் அப்படியல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எழுபத்தைந்து வயதுத் தாய், "இந்த மே மாசம் வருவீங்கதானே?" என்று பங்குனியிலேயே தொலைபேசியில் கேட்கத் தொடங்குகிறார். அவருக்கு "இந்த வருஷம் கடலுக்குப் போகிறோம், அம்மா" என்று பதில் சொல்லுவது எந்த மகனுக்கும் எளிதல்ல. பிள்ளைகளின் ஆசையும் நியாயமானது, தாயின் எதிர்பார்ப்பும் நியாயமானது. சலுகை விதிகளின்படி, முற்றிலும் நம்மைச் சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பக் கணக்கில் சேருவார்கள். நடக்கத் தெம்புள்ள தாயாராக இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லலாம். இல்லையேல் வழி சென்னை வழியாகத்தானே போகிறது? திரும்பும்போது நான்கு நாள் ஊருக்குப் போய் வருவதற்குத் தனியே காசு எடுத்து வையுங்கள். தீவில் இரண்டு இரவுகள் குறைந்தாலும் பரவாயில்லை. அந்தக் காசு இல்லையென்றால் தீவுப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். கடன் வாங்கிச் செல்லும் உல்லாசம் தவணை முடியும் வரை வீட்டில் முணுமுணுப்பாக இருக்கும்.

வழியைப் பார்ப்போம். லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து சென்னை, பெங்களூரு, கொல்கத்தா போன்ற ஊர்களில் மாறிச் செல்லலாம். செலவைக் குறைக்க விரும்புவோர் சோலாப்பூர், ராய்ச்சூர் வழியாகச் சென்னைக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து விமானம் ஏறலாம். ரயிலில் ஏறத்தாழ இருபது மணி நேரம், விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். ரயில் தாமதமாகலாம் என்பதால் சென்னையில் ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கும்படி அமைத்துக்கொள்வது புத்தி. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. சுமார் 1,200 கிலோமீட்டர் கடல்வழியைக் கடக்க இரண்டரை நாள் முதல் மூன்று நாள் ஆகும். மாதத்தில் சில முறையே புறப்படும், தேதியும் மாறும். சிறுபிள்ளைகளோடும் அளந்து எடுத்த விடுப்போடும் போகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாலிபர் குழுவாகப் போனால் அது வேறு அனுபவம்.

பெயர்களில் ஒரு சிறு குழப்பம் உண்டு. 2018இன் இறுதியில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் பெயர் பெற்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரமே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. மக்கள் வாயில் பழைய பெயர்களே வழங்குகின்றன. முன்பதிவு செய்யும்போது இரண்டையும் தெரிந்து வைத்திருந்தால் ஒரே தீவில் இரண்டு விடுதி எடுக்கும் ஆபத்து வராது.

எத்தனை நாள்? தீவில் ஆறு இரவுகள் போதும். ஆனால் அவற்றை அடுக்கும் முறை முக்கியம். ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் படகில்தான் செல்ல வேண்டும். அரசுப் படகும் உண்டு, தனியார் விரைவுப் படகும் உண்டு. காற்று எழுந்தால் எல்லாம் நின்றுவிடும். 2016 டிசம்பர் முதல் பகுதியில் கடல் கொந்தளித்து, இவ்விரு தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை மீட்டன. எனவே தொலைவான தீவுகளை முதலில் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு இரவுகளையும் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலையில் படகேறி மதியம் விமானம் பிடிக்கும் திட்டத்தை எந்த முகவர் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, சூரியன். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அந்தமான் புனேக்கு வெகு கிழக்கே இருக்கிறது. சூரியன் நம்மூரைவிட ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முந்துகிறது. மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும்; டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்குள் இருட்டத் தொடங்கும். ஞாயிறுகூட எட்டு மணிக்கு எழும் வீட்டார் அங்கே பாதி நாளை இழந்துவிடுவார்கள். அதிகாலை ஜெபத்துக்கு எழுந்து பழகியவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

நம் புனேப் பிள்ளைகள் சிறைச்சாலையை ஆவலோடு பார்ப்பார்கள். ஃபெர்குசன் கல்லூரியில் படித்த சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை அடைக்கப்பட்டிருந்த செல்லுலார் சிறை அது. அவர் பெயரைப் பள்ளியில் கேட்டு வளர்கிறவர்கள் அவர்கள். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு பிரிவுகள் விரிந்திருந்தன. இன்று மூன்றே நிற்கின்றன. ஒரு கைதி மற்றொருவரின் முகத்தைக் காணாதபடி ஒவ்வோர் அறையும் எதிர்ப் பிரிவின் முதுகைப் பார்த்து அமைந்திருக்கிறது. தூக்கு மேடையையும் எண்ணெய்ச் செக்கையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் வருவார்கள்; அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். எதிரே படகில் சில நிமிடத்தில் ராஸ் தீவு. ஆங்கிலேய ஆட்சியின் தலைமையிடமாக இருந்த அங்கே பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. மரவேர்கள் சுவர்களைப் பின்னிப் பிடித்திருக்கின்றன.

ஹேவ்லாக்கின் ராதாநகர்க் கடற்கரையைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. அதன் அழகுக்குள் இருக்கும் ஆபத்தைச் சொல்லுவதே கடமை. அந்தமான் நீர்நிலைகளில் உப்புநீர் முதலைகள் வாழுகின்றன. 2010இல் அந்தக் கடற்கரையை அடுத்த சிறு குடாவில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்திலும் காவலர் இல்லாத இடத்திலும் கழிமுகத்திலும் பிள்ளைகளை இறக்காதிருங்கள். பவளத் துண்டும் சங்கும் பொறுக்கி வருவது வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது, விமான நிலையச் சோதனையில் பையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள்.

முகவர்கள் அட்டவணையில் பாராட்டாங் என்று ஒருநாள் பயணம் சேர்ப்பார்கள். சுண்ணாம்புக் குகை நல்ல காட்சிதான். ஆனால் அங்கே செல்லும் சாலை ஜராவா மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. காவலோடு வண்டிகள் வரிசையாகவே போக வேண்டும். நிறுத்தவோ, படம் எடுக்கவோ, எதையேனும் கொடுக்கவோ கூடாது. அப்படியும் ஜன்னலுக்கு வெளியே மனிதர்களைத் தேடும் கண்களோடுதான் பலர் போகிறார்கள். எங்கள் அட்டவணையில் அதைச் சேர்க்கவில்லை.

2018 நவம்பரில் வடக்குச் சென்டினல் தீவில் அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோது நம் சபைகளிலும் அதைப் பற்றி வெகுவாகப் பேசப்பட்டது. சுவிசேஷம் சொல்லச் சென்றவர் அவர். அவருடைய வைராக்கியத்தை அளக்க நான் யார்? ஆனால் ஒரு கணக்கை நாம் அறிந்திருக்க வேண்டும். 1858இல் ஆங்கிலேயர் கைதிகளைக் குடியேற்றியபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தட்டம்மை முதலிய நோய்கள் வந்தன. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் 19 பேர். நமக்குச் சாதாரணமான இருமல் அவர்களுக்குக் கொள்ளைநோய். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அத்தீவுகளுக்கு நம்மைத் தடுப்பதை நான் மனமார ஏற்கிறேன்.

அதே கடலில் வேறொரு சரித்திரமும் உண்டு. அது நம்மவர் சம்பந்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலொமோன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிக்கோபார் தீவின் மூஸ் கிராமத்துக்குச் சென்று குடியிருந்தார். ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கி, சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். அவர்களில் ஒருவரைப் பர்மாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அந்தச் சிறுவரே பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். நிக்கோபாரி மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர், 1952இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினர். அந்தத் தீவை 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. கார் நிக்கோபார் பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் விரல் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

போர்ட் பிளேரில் மொழிக் கவலை வேண்டாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழ் பேசுகிறவர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள் சிலவற்றைக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். பிழைப்புத் தேடித் தாமே கப்பலேறியவர்களும் உண்டு. அபர்டீன் கடைவீதியில் இட்லியும் கிடைக்கும், "எந்த ஊரு நீங்க?" என்ற கேள்வியும் கிடைக்கும். புனே என்று சொன்னால் விடமாட்டார்கள், "அது சரி, சொந்த ஊரு?" என்று மறுபடியும் கேட்பார்கள். தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் நகரில் இருக்கின்றன. கடைசி இரண்டு இரவுகளில் ஒன்று சனிக்கிழமையாக அமையும்படி பயணச்சீட்டு எடுத்தால், ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகலாம். அங்கேயும் எல்லாமே நம்மூரைவிடச் சீக்கிரம் தொடங்கிவிடும். ஆராதனை நேரத்தை முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.