இரண்டு ஷாட்டுகள்

அலென் ரெனேயின் 'ஹிரோஷிமா மான் அமூர்' (1959) படத்தில் ஓர் இடம். ஜப்பானியக் காதலன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் கை லேசாக அசைகிறது. சட்டென்று இன்னொரு கை. யுத்தத்தின்போது நெவேரில் செத்துக்கொண்டிருந்த ஜெர்மன் சிப்பாயினுடையது. சில விநாடிகள்தாம். மறுபடி ஜப்பானியன். முன்னறிவிப்பு கிடையாது, நம் கொசுவர்த்திச் சுருள் சமாசாரமெல்லாம் இல்லை.

நினைவு இப்படித்தான் வருகிறது என்று நண்பர்களிடம் பல வருஷம் வாதாடியிருக்கிறேன். வருவதைப் பற்றி ரெனே சொல்வது சரி. வராமலே போவது?

அப்பா இறந்த தினம் என்னிடம் இரண்டே ஷாட்டுகளாக இருக்கிறது. வங்கியில் போனைக் காதில் வைத்தபடி நான். அடுத்தது, பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்ட அப்பாவின் பாதங்கள். முதல் ஷாட்டில் என் முதுகு தெரிகிறது. என் முதுகை நான் எங்கிருந்து பார்த்தேன்?

சென்ற மாதம் சக ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில், "அன்னிக்குக்கூட நீங்க கேஷை டாலி பண்ணிட்டுத்தானே சார் கிளம்பினீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பத்து ரூபாய் உதைத்ததாம். ஒன்றரை மணி நேரம் தேடினேனாம். எனக்கு ஒரு ஃபிரேம்கூட ஞாபகமில்லை.

குலெஷோவ் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியபோது, அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஜனங்கள் கண்டார்கள் என்பார்கள். போனையும் பாதங்களையும் ஒட்டினால் கிடைப்பவன், போட்டது போட்டபடி ஓடிவந்த மகன். இத்தனை வருஷமாக அவனைத்தான் நான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து ரூபாய் கிடைத்ததா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.