இடுப்பில் ஒரு குடம்

விஸ்வநத்தத்தில் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுமுன் எட்டு நடை தண்ணீர் எடுப்பாள். 15 லிட்டர் தண்ணீர், 15 கிலோ. குடம் இடது இடுப்பில். உடம்பு வலப்பக்கம் சாயும்.

இதுதான் திருப்புத்திறன் சமநிலை: பாரத்தைத் தூரத்தால் பெருக்கி, இருபக்கமும் சரிக்கட்டுவது. வளையும் உத்திரத்தில் மேற்புறம் அமுங்கும், அடிப்புறம் இழுபடும். கான்கிரீட் இழுப்பைத் தாங்காது என்று அடியில் கம்பி வைப்பார்கள். அம்மாவுக்கு முதுகுத்தசைதான் கம்பி. முதுகெலும்பை ஒட்டியிருப்பதால் அதற்குத் தூரம் குறைவு. சாய்ந்தது போக மிஞ்சும் ஒவ்வொரு கிலோவுக்கும் பல கிலோ இழுக்க வேண்டும்.

கிண்டியில் இந்தக் கணக்கைப் படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். நான் கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைக்குக் கட்டட வேலையா?" என்றார்கள். தமிழ் படித்தேன்.

அம்மாவின் முதுகுவலியை வயசு என்கிறார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.