கடல் கடந்த அன்னையர்

திருமழிசையில் பேருந்தேறி, பூந்தமல்லி வழியாகச் சென்னைத் துறைமுகம் சேர்ந்தேன். கப்பலில் மூன்று நாள் பயணம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் இறங்கினேன்.

அங்குச் செல்வோர் யாவரும் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைக் கண்டு கலங்குவர், நானும் கலங்கினேன். ஆயினும் என் மனம் நாடியது சவுத் பாயிண்ட் கடற்கரையை. அதற்கு முன்பே பெண் கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம் அது.

1858இல் ஆங்கிலேயர் இத்தீவைக் கைதிகளின் குடியேற்றமாக்கினர். பின்னர்ப் பெண்களையும் அனுப்பினர். கணவனையோ சிசுவையோ கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் பலர். நன்னடத்தையால் தனித்து வாழும் உரிமை பெற்ற ஆண் கைதி, அதிகாரியின் அனுமதியுடன் அப்பெண்களுள் ஒருத்தியை மணக்கலாம்.

இக்கொடுமை நம் நாட்டோடு நின்றதன்று. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுள் பல்லாயிரவர் அயர்லாந்தின் ஏழைப் பெண்கள். துணியோ உணவோ திருடியதற்கு ஏழாண்டு நாடு கடத்தல்! ஹோபார்ட் நகரின் காஸ்கேட்ஸ் பெண்கள் சிறையில் அவர்கள் ஊரார் துணிகளைத் துவைத்தனர். தண்டனை முடிந்தும் தாயகம் திரும்பக் கப்பற்கூலி ஏது? அங்கேயே மணந்து, மக்களைப் பெற்று, மண்ணாயினர்.

நம் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்தமைக்காக ஆயுள் தண்டனை பெற்ற மௌலானா முஹம்மது ஜஃபர் தானேசரி, 1866இல் அந்தமான் வந்தார். அல்மோராவைச் சேர்ந்த பெண் கைதி ஒருவர் இஸ்லாத்தைத் தழுவ, அவரை நிக்காஹ் செய்துகொண்டார். 1883இல் விடுதலை பெற்று மனைவி மக்களோடு ஊர் திரும்பினார். மௌலானாவின் பெயரை அறிந்தோர் பலர்; அந்த அம்மையாரின் பெயரைச் சொல்வார் அரிது.

திரும்பி வந்து மதரஸாப் பிள்ளைகளிடம் இவற்றைக் கூறினேன். ஒரு சிறுமி கேட்டாள்: "ஹஜ்ரத், மற்றப் பெண்களெல்லாம் தங்கள் உம்மாவை மறுபடி பார்த்தார்களா?"

"பெரும்பாலோர் பார்க்கவில்லை, மகளே" என்றேன்.

வகுப்பு அமைதியாயிற்று. அப்பெண்களின் சந்ததியார் இன்றும் அத்தீவில் கண்ணியமாக வாழ்கின்றனர். குற்றவாளி என்று உலகம் ஒதுக்கியவளே அங்கு ஒரு சமுதாயத்தின் பாட்டியானாள். தவறியவள் என நாம் யாரையேனும் ஒதுக்க முற்படும்போது, சவுத் பாயிண்ட் கரையில் நின்று தாய்வீடு இருக்கும் திசையை நோக்கியவர்களை நினைத்துக்கொள்வோம்.