பாலாற்றுக்காரன் கடலில் குதித்த கதை!

ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. கோட்டை உண்டு, ராஜா இல்லை. கோயில் உண்டு, சாமி இல்லை. எங்கள் வேலூரைப் பற்றி ஊரார் செய்யும் பழைய கிண்டல் இது. 1981-ல் கோட்டைக் கோயிலுக்குச் சாமி வந்துவிட்டார். ராஜாவை யாரும் தேடவில்லை. ஆறுதான் பாக்கி!

அப்பேர்ப்பட்ட ஊரில், லாங் பஜார் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த பி.காம். பட்டதாரிக்கு நீச்சல் எப்படி வரும்? பன்னிரண்டு வயசில் என் மாமா இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அரை நிமிஷம்தான். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷமாக, முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே எனக்கு மூச்சு முட்டும். என் எட்டு வயசு மகன் நீச்சல் கிளாஸ் கேட்கும்போதெல்லாம், "அடுத்த லீவுல பார்க்கலாம்டா" என்று தள்ளிப்போட்டேன். ஃபீஸ் பிரச்னை இல்லை சார்... பயம்!

வெல்ல மண்டி வைத்திருக்கும் நண்பன்தான் ஆரம்பித்தான். "மச்சான், அந்தமான் போறோம். கடலுக்கு அடியில இறங்குறோம்."

"எனக்கு நீச்சல் தெரியாதுடா!"

"மிதக்கிறவனுக்குத்தான் நீச்சல் வேணும். நாம முழுகத்தானே போறோம்?"

சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர். (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்.) அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். (2018-லிருந்து ஸ்வராஜ் தீவு.) பெயர்கள் மாறினாலும் கடலின் நீலம் மாறவில்லை.

இறங்குமுன் ஒரு ஃபாரம் நீட்டினார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா... பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை! பயிற்சியாளர் தூத்துக்குடிக்காரத் தம்பி. அவருடைய தாத்தா சங்கு குளித்தவராம். சிலிண்டரும் கிடையாது, ஃபாரமும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு பாய்வதுதான்!

"அண்ணே, சிலிண்டர்ல இருக்கிறது வெறும் ஆக்சிஜன் இல்ல. நாம சுவாசிக்கிற அதே காத்துதான், அழுத்தி அடைச்சிருக்கு. ஒரே விதி: மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு. அங்க இழுத்த மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா, காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும். காது அடைச்சா மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதுங்க."

இறங்கினேன். கிணறு ஞாபகம் வந்தது. கையைக் காலை உதறினேன். தம்பி என் தோளைப் பிடித்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, மூச்சை இழு, விடு என்று கையால் காட்டினார். இழுத்தேன். வந்தது! விட்டேன். போனது! தண்ணீருக்குள் மூச்சு விடுகிறேன்!

கீழே பார்த்தால்... லாங் பஜார்! அதே நெரிசல், அதே அவசரம். பஞ்சவர்ணக் கிளி அலகோடு கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்து அரைத்து, மணலாக வெளியே தள்ளுகின்றன. ஒரு மூலையில் சலூன் கடை: பெரிய மீன்கள் வாயைத் திறந்து காத்திருக்க, விரல் நீளக் குட்டி மீன்கள் அவற்றின் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கின்றன. கொட்டும் கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் வாடகையில்லாமல் குடியிருக்கிறது!

குஷியில் தம்பிக்குக் கட்டைவிரலை உயர்த்தி "சூப்பர்" காட்டினேன். அவர் உடனே என்னை மேலே இழுத்துப் போய்விட்டார். கடலுக்கடியில் அதற்கு அர்த்தம் "மேலே போகணும்"! ஓகே என்றால் விரலை வட்டமாக்கிக் காட்ட வேண்டுமாம். மறுபடி இறங்கினோம்.

பளிச்சென்ற வெள்ளையில் ஒரு பாறை. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். கரைக்கு வந்ததும் தம்பி சொன்னார்: "அது அழகு இல்லண்ணே, பட்டினி."

பவளம் கல் அல்ல, உயிர். அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்துப் போடுகிறது. நிறமும் அதன் உபயம்தான். காமர்ஸ் பாஷையில் சொன்னால் பார்ட்னர்ஷிப் ஃபர்ம்! கடல் வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் கொதித்தால் போதும், கூட்டு முறிந்து பாசி வெளியேறுகிறது. பவளம் வெளுக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும்; நீடித்தால் செத்துப்போகும். 2010-ல் அந்தமானில் பெரிய அளவில் நடந்தது இதுதான்.

எனக்குப் பாலாறு ஞாபகம் வந்தது. தோல் தொழில் எங்கள் பக்கத்துக்குச் சோறு போட்டது. கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே ஆலையைக் கை காட்ட முடிந்தது. கடலைச் சூடாக்கியவர் யார்? பைக்கும் ஏ.சி.யுமாக வாழும் நானும் அதில் ஒரு சின்ன பார்ட்னர்தான்!

ஊர் திரும்பிய ஞாயிறே மகனை நீச்சல் குளத்தில் சேர்த்தேன். கூடவே என்னையும். கழுத்தளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்து நின்றேன். எதிரே நின்ற பயல் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினான்.

நான் மேலே ஏறவில்லை. விரலை வட்டமாக்கிக் காட்டினேன்.